குலவீரசிங்கமும் தவிடனும்

ஜெகதீஸ்வரி பெற்ற இரண்டு பிள்ளைகளும் பல் முளைக்குமுன்பே கனத்தை மயானத்து மண்ணுக்குப் போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் புரண்டபோது அந்தப் பாவி மகளுக்கு மகிழத் தெரியவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையால் ரயில் கடகடத்துப் போனாலே வயிற்றை இரு கையாலும் பொத்திக்கொள்வாள்.

கணவன் நாகேந்திரம் வெள்ளைக்காரத் துரையின் கந்தோரில் கிளாக்கர். மேலதிகாரி நமசிவாயம் தம் வம்சாவளியை எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். தானும் மாட்டவேண்டுமென்று நாகேந்திரம் யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து பழைய சாதக ஓலைகளைப் பெட்டியோடு கொண்டுவந்து பரப்பினான்.

"குலவீரசிங்கம், இராசசேகரம்! என்ன பேர்கள் பாரும் ஈசு! பிறக்கப்போறவனுக்கு இதிலை ஒண்டுதான்."

"அங்காலை தள்ளி வைச்சிருக்கிறது?"

"அதுகளோ? குப்பையன், தவிடன். வீட்டிலை நிண்ட வேலையாக்களாயிருக்கும். எங்கடை பரம்பரையிலை உப்பிடிப் பேர் இருக்குமே?"

"வேலையாக்களுக்கு ஆர் சாதகம் எழுதுவிச்சவை?"

அவள் மெல்லத் தரையில் அமர்ந்து ஓலைகளைத் திருப்பினாள். குலவீரசிங்கத்தின் ஓலைக்குப் பின்புறம் இறந்த திகதி; தவழும் பருவத்திலேயே போயிருந்தான். இராசசேகரமும் அப்படியே. அதே தாய்க்கு அடுத்துப் பிறந்தவன் தவிடன். அவன் ஓலையில் மட்டும் கலியாணமும் பிள்ளைகளும் எழுதியிருந்தன.

"அப்ப இந்தத் தவிடன்... என்ரை பூட்டனோ?" நாகேந்திரம் ஓலையை வாங்கி மறுபடி படித்தான்.

பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் உருட்டி, அயலாளுக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, எமனே அருவருக்கும் பேர் வைப்பார்கள். ஊரில் கேட்ட வழக்கம்தான். தன் வீட்டிலும் நடந்திருக்குமென்று கிளாக்கருக்குத் தோன்றவேயில்லை.

"எனக்குப் பெரிய பேர் வேண்டாமுங்கோ," ஜெகதீஸ்வரி விம்மினாள். "பிள்ளை வேணும்."

ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத் துடக்குக் கழிந்த அன்று, மதிலுக்கப்பால் குடியிருந்த ஸைனம்பு சுளகில் தவிட்டோடு வந்தாள். பெற்றதையெல்லாம் உயிரோடு வளர்த்தவள்.

"அல்லாவே, இதென்ன புள்ள, கரிக்கட்ட மாதிரி! இதுக்கு இவ்வளவு தவுடு கூட!" என்று வழக்கப்படி பழித்துக் கையை நீட்டினாள்.

ஜெகதீஸ்வரியின் கைகள் விடவில்லை.

"வுடு தங்கச்சி, நான் திண்டுட மாட்டன்."

கொடுத்தாள். ஸைனம்பு வாசல்வரை போய்த் திரும்பி, அதே தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையை மடியில் போடும்வரைக்கும் ஜெகதீஸ்வரியின் உயிர் அவளிடம் இல்லை.

மறுநாள் நமசிவாயம் பிள்ளை பார்க்க வந்தார். "வாரிசுக்கு என்ன பேர், நாகேந்திரம்?"

கதவுக்குப் பின்னால் ஜெகதீஸ்வரி மூச்சைப் பிடித்து நின்றாள். குலப்பெருமைக்காரனான தன் கணவன் இப்போது நாகரிகமாக ஏதாவது பேரைச் சொல்லிவிட்டால்?

"வாரிசெண்டு சொல்லேலாது ஐயா," என்றான் நாகேந்திரம், வீதிக்கே கேட்கும்படி. "பக்கத்து வீட்டிலை தவிட்டுக்கு வாங்கினது. பேரும் தவிடன்தான்."