ரோசி ஊறப்போட்ட கடைசிக் கட்டுகள்

ரோசி போய்விட்டாள்... முந்தாநாள் காலை. நெஞ்சு வலிக்கிறது என்றாளாம், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

அவள் ஊறப்போட்ட தண்டுகள் இன்னும் தொட்டியில் கிடக்கின்றன. எப்போது வெளியே எடுப்பது என்று அவளுக்குத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோசியும் நானும் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஷெட்டில் வேலை செய்தோம். ஹெம்ப் செடியின் தண்டிலிருந்து நார் எடுக்கிற வேலை.

கஞ்சா இனம்தான், ஆனால் போதை இல்லாத வகை. வடக்கே மலையில் லைசென்ஸோடு வளர்த்து லாரியில் அனுப்புகிறார்கள்.

பக்கத்து லேத் பட்டறைப் பையன்கள் "இன்னாக்கா, சரக்கு எறங்கிருச்சா?" என்று சீண்டுவார்கள். "வாடா, ஒரு கட்டு புகைச்சுப் பாரு. இருமியே செத்துப்பூடுவ" என்பாள் ரோசி.

பெசன்ட் நகர் குப்பத்துக்காரி. ஷெட்டுக்கு வருவதற்கு முன் பல வருஷம் மீன் விற்றவள்.

எங்கள் முதலாளி நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ரெட்டிங், ஹர்ட், டோ... எங்கள் ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

ரோசி ஒவ்வொன்றாகக் கேட்டுச் சுவரில் சாக்பீஸால் தமிழில் எழுதினாள். ரெட்டிங் என்றால் ஊறப்போடுவது. ஹர்ட் என்றால் நாரை உரித்த பிறகு நிற்கும் வெள்ளைத் தக்கை, சுண்ணாம்போடு குழைத்தால் சுவருக்குக் கல் ஆகும். டோ என்றால் சீவும்போது உதிரும் குட்டை நார், கூளம்.

அந்தச் சுவரில்தான் எனக்கு எழுத்து வந்தது. அறுபத்தேழு வயதில்.

நானாகவே கூட்டி வாசித்த முதல் வார்த்தை 'தக்கை'. சந்தோஷத்தில் ஷெட்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். "இன்னா நைனா, படிப்பு வந்ததும் தக்கையாட்டம் மெதக்குற?" என்று சிரித்தாள்.

ஒருநாள் பாண்டி பஜாரில் ஒரு பெரிய துணிக்கடைக்கு என்னை இழுத்துப் போனாள். ஹெம்ப் சட்டை ஒன்று தொங்கியது. அதை விரலில் தேய்த்துப் பார்த்து, "நைனா, இத்த தொடு. முடிச்சு முடிச்சா கீதில்ல? கூளத்துல நூத்தது. நம்ம நீள நாருன்னா வழுக்கிக்கினு போவும்" என்றாள்.

கடைக்காரத் தம்பி, "மேடம், பில் போடட்டுமா?" என்றான். "நாங்க செய்யுறவங்கப்பா, போடுறவங்க இல்ல" என்று சொல்லிவிட்டு ராணி மாதிரி வெளியே வந்தாள்... அந்த நடை கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது தொட்டி விஷயம்.

நாருக்கும் தக்கைக்கும் நடுவே ஒரு பசை உண்டு. தண்ணீரில் அது அழுகினால்தான் நார் கழன்று வரும். குறைவாக அழுகினால் நார் வராது. ஒரு நாள் கூடிப்போனால் நாரே அழுகிவிடும்.

போன லோடை, அதோடு வந்த பேப்பரில் எழுதியிருந்தபடி எட்டு நாள் விட்டோம். ஆறாம் நாளே ரோசி "எடுத்துடலாம் சார்" என்று கெஞ்சினாள். முதலாளி கேட்கவில்லை. எடுத்தால் வெந்த சேமியா மாதிரி கையோடு வந்தது.

இதுவும் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். நார் கேட்டிருக்கும் பார்ட்டி இனிமேல் காத்திருக்காது. ஏழு பெண்கள், நான்... நாங்கள் எங்கே போவோம்?

அதனால் இந்த லோடு முழுக்க ரோசி பொறுப்பு. தினமும் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். "மீன் வித்தவளுக்கு எது எப்போ கெடும்னு மூக்கு சொல்லிடும் நைனா."

எனக்குக் கொரோனாவுக்குப் பிறகு மூக்கில் ஒரு வாசனையும் ஏறுவதில்லை. மற்றவர்களுக்கு எல்லாமே நாற்றம்தான்.

இன்று ஆறாம் நாள். முதலாளிக்குப் போன் செய்தேன். டெல்லியில் இருக்கிறார், அவரும் அழுதார். ஆனால் "ரோசி இல்லாம வேற வழி இல்ல, பேப்பர்ல எட்டு நாள்னு போட்டிருக்கு, பெரியவரே. நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க" என்றார்.

நான் என்ன செய்வேன் ரோசி...

இந்த வரிவரை காலையில் எழுதினேன். நான் எழுத நேரம் பிடிக்கும். இப்போது சாயங்காலம்.

மத்தியானம் மல்லிகா வந்து தொட்டி ஓரத்தில் நின்றாள். அவளும் எங்களோடு நார் உரிப்பவள். "நைனா, அக்கா பேச்ச கேக்காமத்தான் ஒருவாட்டி கெட்டோம். நீ ஒரு வார்த்த சொல்லு, எறங்குறோம்."

"எறங்குங்கம்மா" என்றேன்.

முதல் கட்டை எடுத்தார்கள். ஒரு தண்டை ஒடித்து இழுத்தேன்... நார் சோறு மாதிரி குழைந்தது. அடுத்த கட்டும் அப்படியே. மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் உறைத்தது. வெயிலில் மேல் தண்ணீர் சுட்டு, அங்கே கிடக்கும் கட்டு சீக்கிரம் அழுகும், அடியில் குளிர்ந்தே இருக்கும். அதனால் ரோசி தினமும் காலையில் மேல்கட்டை அடியிலும் அடிக்கட்டை மேலேயும் மாற்றிப் போடுவாள்.

முந்தாநாள் அவள் வீட்டில் நின்றோம். நேற்று அவளைப் புதைத்தோம். இன்று போன் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக யாரும் கட்டுகளைத் திருப்பவில்லை.

அடிக்கட்டுகளை எடுக்கச் சொன்னேன். ஒடித்தேன். இழுத்தேன். அடியிலிருந்து நுனிவரை ஒரே இழையாக, அறாமல் வந்தது... வெள்ளையாக, என் உயரத்துக்கு.

ஏழு பேரும் அழுதுகொண்டே கட்டுகளைச் சுமந்து வெயிலில் விரித்தார்கள்.

பார்ட்டி கேட்ட அளவுக்கு இது போதுமா, தெரியவில்லை. முதலாளிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

ரோசிம்மா... பாதி வந்தது. பாதியை நாங்கள் விட்டுவிட்டோம்.

போய் வாம்மா.