மதகடி வல்லாரை

என் அம்மா பாஞ்சாலைக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். மரக்காணம் உப்பளத்தில் அவளோடு வேலை செய்த சவரியம்மாள். அந்த அம்மாள் செய்த குற்றம், அவள் மகள் மேரிசெல்வி பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முதல் ரேங்க் வாங்கியது. அது எண்பத்தெட்டாம் வருடம்.

சவரியம்மாள் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் ரோட்டோர மதகடியில் குனிந்து எதையோ பறித்து மடியில் கட்டுவாள். ஒருநாள் அம்மா போய்ப் பார்த்தாள். வல்லாரை. நல்ல தண்ணீர் கசியும் அந்த ஓர் இடத்தில் மட்டும் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது.

"அதான பாத்தேன்! இத்த அரைச்சு ஊட்டித்தான் பொண்ணு மூளைய வளக்குறா. ஒரு வார்த்த சொன்னாளா பாரு, கள்ளி!"

அன்று பிடித்தது எனக்குச் சனி. அம்மா விடியற்காலையில் முந்திக்கொண்டு பறித்து வருவாள். ஒரு மாதம் மூன்று வேளையும் வல்லாரைத் துவையல். பிப்ரவரியில் கணக்குப் பரீட்சை வந்தது. மேரிசெல்விக்குத் தொண்ணூற்றிரண்டு, எனக்கு முப்பத்தொன்று.

அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

"எம்பொண்ணுக்கு ஏறாதது அவ பொண்ணுக்கும் ஏற வேணாம்."

மறுநாள் பாத்தியிலிருந்து உப்புத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து மதகடியில் ஊற்றினாள். இரண்டு நடை. உப்பு என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலே நாளில் வல்லாரை கருகிப்போனது. ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் சவரியம்மாள் வேலைக்கு வரவில்லை. என்னவென்று பார்க்க அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சவரியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உப்பு அரித்த குதிகால் பிளந்து சீழ் பிடித்திருந்தது.

"வல்லாரைய அரைச்சுக் கட்டினா அடங்கிக் கெடக்கும் பாஞ்சாலை. இப்ப அதுக்கும் வழியில்ல."

"அப்ப மேரிக்குக் குடுக்கலியா?"

"அவளா? கசக்குதுன்னு தொடவே மாட்டா."

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறிக் கூனிமேட்டில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகத் தேடி ஒரு மடி வல்லாரை கொண்டு வந்தாள். சவரியம்மாள் வீட்டு அம்மியில் தானே அரைத்துத் தானே கட்டினாள். கட்டும்போதே அழுதுவிட்டாள்.

"நாந்தான் உப்புத் தண்ணிய ஊத்துனேன்."

"தெரியும். நெறகுடத்தத் தூக்கிக்கினு நீ போனத நான் பாக்கல?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு இன்னா ஆவப்போவுது? பத்து வருசமா ஒண்ணா நிக்கறோம். கட்ட கொஞ்சம் இறுக்கிப் போடு."

திரும்பும் வழியில் மதகடி வந்ததும் அம்மா நின்று, கருகிய இடத்தையே பார்த்தாள்.

"ஆண்டவன் பொண்ணுக்குப் படிப்பத்தான் குடுத்தான்னு பாத்தா, அவளுக்கு இந்த மனசையும் சேத்துக் குடுத்துருக்கான் பாரு" என்றாள்.

அவளுக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.