கிரீஸ் நிப்பிளுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பொட்டு வாங்காத இரும்பு கிடையாது. அரிவாள்மணை, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, ஏன், பள்ளிக்கூடத்தில் நான் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். கோயம்புத்தூரில் பிறந்த வீட்டில் தறிக்கும் மோட்டாருக்கும் வைத்துப் பழகிய கை. கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. பொட்டு வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கோணலாக ஒன்று விழுந்துவிட்டால் நாள் முழுக்க உறுத்தும்.

என் கணவர் நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் வாக்கிங் போவார்கள், பேப்பரை வரி விடாமல் படிப்பார்கள். இவர் அல்வாலுக்கு அப்பால் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து, ஓரமெல்லாம் பழைய டயர்களை அடுக்கி, குழந்தைகள் ஓட்டுகிற சின்ன கோ-கார்ட் வண்டிகளை விட்டார். வீட்டில் இருக்கும் நேரத்தில்கூட மொட்டை மாடியில் ஏதாவது ஒரு சக்கரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் "ஆச்சு, ஆச்சு" என்று குரல் மட்டும் கீழே வரும்.

அந்த வண்டிகளின் ரிம் நம் டிபன் தட்டு அளவுதான். நடுவில் பேரிங். அதற்குள் கிரீஸ் போவதற்காக வெளியே சின்ன மூக்கு மாதிரி கிரீஸ் நிப்பிள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் கடுகளவு இரும்புக் குண்டு ஒன்று. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் குண்டு உள்ளே போய் வழி விடும், எடுத்தால் திரும்ப வந்து மூடிக்கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் பூஜைக்கு முன்னால் பேரிங்குகளை டீசலில் அலசி, பழைய கிரீஸைச் சுத்தமாக எடுத்துவிட்டு, காய வைத்து மாட்டிவிடுவார். பூஜையன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் காலையில் புது கிரீஸ் அடிப்பதுதான் அவருக்கு ஆண்டின் முதல் வேலை.

அந்த வருஷம் வண்டிகளுக்கு நான்தான் பொட்டு வைத்தேன். மஞ்சள் நிற வண்டியின் முன்சக்கரத்தில் அந்தக் குட்டி மூக்கு என் கண்ணில் பட்டது. சக்கரத்துக்கு நெற்றி அதுதான் என்று தோன்றிவிட்டது. ஊதுபத்திக் குச்சியின் நுனியில் சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். நிற்கவில்லை, வழுக்கியது. குண்டு ஆடுகிறது என்பது எனக்கு என்ன தெரியும்? குச்சியை நன்றாக அழுத்தி, சந்தனத்தை உள்ளே ஏற்றி, மேலே குங்குமம் வைத்தேன். அழகாக நின்றது. இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்துவிட்டு, கை வலித்ததால் மற்ற சக்கரங்களுக்கு ரிம்மிலேயே ஒரு தீற்று தீற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் பொட்டைத் துணியால் துடைத்துவிட்டுக் கிரீஸ் அடித்தார். அந்த ஒரு நிப்பிளில் கன் சீக்கிரமே இறுகியிருக்கிறது. நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளைவில் அந்தச் சக்கரம் இறுகிப்போய் நின்றது. வண்டி சுழன்று டயர்களில் மோதியது. ஓட்டிய சிறுமிக்கு உதடு கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. குழந்தையின் அம்மா தெலுங்கில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டாமல் என்ன செய்வாள்? என் கணவர் கைகூப்பிக்கொண்டே நின்றாராம். அன்றைக்கே மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிட்டு, அந்தச் சக்கரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

மாடியில் பிரித்துப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பேரிங் கருநீலமாக வெந்திருந்தது. புது கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை.

"வச்சேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வச்சேனா?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். ஆனால் அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே யார் என்று கேட்டவர். அந்தப் பயம் இவருக்குள் பல வருஷமாக உட்கார்ந்திருந்தது. செய்த வேலை நினைவில் இருக்கிறது, ஆனால் செய்யப்படவே இல்லை. அப்படியென்றால் தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஸ்கூட்டரைத் தொடவில்லை. கேஸை மூடினேனா, மாத்திரை போட்டேனா, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார். மைதானத்தைத் திறக்கலாமே என்றால், "நக்கோ" என்று ஒரே வார்த்தை. மனசு விட்டுப்போனால் மட்டும் அவர் வாயில் ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த ஹைதராபாத் சொல் வரும்.

தீபாவளிக்கு மாடியைக் கழுவும்போதுதான் அந்த ரிம்மை எடுத்து ஓரமாக வைத்தேன். நிப்பிளின் நுனியில் வெளிர் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. புடவையில் இருந்த ஊக்கால் கிளறினேன். கல்லாக இறுகிய சந்தனம் பொடியாக உதிர்ந்தது. குண்டை அழுத்திப் பார்த்தேன். அசையவே இல்லை. அந்தக் குழந்தையின் உதடு என் கைவேலை. கீழே ஒரு மனுஷன் பைத்தியக்காரனைப் போல மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டிருந்ததும் என் கைவேலைதான்.

ரிம்மைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். சாப்பிட்டதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து மெஷினோடு குடித்தனம் நடத்திய மனிதர், இப்போது நான் பட்டாணி உரிக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார். மாரெட்பள்ளியில் என் பள்ளிக்கூட வாசலுக்கு ஆட்டோவில் வந்து காத்திருந்தார். தெருவைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்தப் பிடியை நான் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போக வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். போனோம். கடிகாரம் வரையச் சொன்னார்கள். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள். வரைந்தார். கடைசி வார்த்தை வரவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பதற்றத்தில் அப்படித்தான் ஆகும், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் டீ கொடுத்தபோது ஸ்கூட்டர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒரு நாள் உன்னையே யாருன்னு கேப்பேன். அப்ப கோவிச்சுக்காதே. எங்கப்பன் கேட்டப்ப நான் கோவிச்சுக்கிட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாடிக்குப் போய் ரிம்மை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். சந்தனத்தை அழுத்தி வைத்ததைச் சொன்னேன். நீங்கள் மறக்கவில்லை, கிரீஸ் அடித்தீர்கள், அதுதான் உள்ளே போகவில்லை என்றேன். அவர் நிப்பிளைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் குண்டை அழுத்தினார். முகம் அப்படியே இளகியது. ஒரு சிரிப்புகூட வந்தது. பொட்டு, பொட்டு என்று தலையை ஆட்டிக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் ஊக்கு கிளறியிருந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் கீறல் புதிது இல்லை. அதிலும் துரு ஏறியிருந்தது.

"இதை எப்பப் பாத்தே?"

"தீபாவளிக்கு."

தீபாவளி போய்ப் பொங்கலும் வந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் நிப்பிளையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப டாக்டர் கடிகாரம் போடச் சொன்னப்ப உனக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். என் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைத் துடைத்து, எங்கேயோ போய்விட்டு இருட்டுவதற்குள் வந்தார். அந்த வாரமே குழந்தையின் அம்மாவைத் தேடிப் போய் நானே நடந்ததைச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர்தான் தன் தப்பு என்று சொல்லிவிட்டாரே என்று அந்தப் பெண் குழம்பிப்போய் நின்றாள். குழந்தையின் உதட்டில் மெல்லிய கோடு இருந்தது.

மைதானம் திரும்பத் திறந்துவிட்டது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவரே என் கையில் கொடுத்தார். போய்ப் பார்த்தால் எல்லா நிப்பிள்களுக்கும் சின்னச் சின்ன ரப்பர் மூடி போட்டிருந்தார். நான் ரிம்மில் ஒன்றொன்றாகப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நேற்றுக் காலையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஹாலுக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். "ஃப்ரிட்ஜ் மேல இருக்குங்க" என்றேன், கேட்பதற்கு முன்பே. இப்போதெல்லாம் தெரிந்ததை உடனே சொல்லிவிடுகிறேன். அவர் எடுக்கப் போகுமுன் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்தார், சொன்னது நிஜம்தானா என்று பார்க்கிற மாதிரி.