கரண்டு முந்திக்கொண்ட காலை

தேவாரத்தில் அந்த வருஷம் காலை பத்துக்குக் கரண்டு போய்ப் பன்னிரண்டுக்கு வரும். பத்து நிமிஷம் முன்னாலேயே கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதில்தான் நான் ஏமாந்தேன்.

கம்ப்யூட்டரில் ஃபைல்களைச் சேமித்துவைக்க, முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதிய ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கு வந்த திருத்தங்களை வீட்டிலிருந்தே சரிபார்த்துக் கொடுத்துவந்தேன். அதில் ஃபைல்கள் இரண்டு அடுக்காக இருக்கும். வேலை நடக்கும்போது அடியடுக்கு மாறாது. ஒரு ஃபைலில் கைவைத்தால் முதலில் அது மேலடுக்குக்கு நகலாகும், மாற்றம் அங்கே நடக்கும். புதிய திருத்தம் அந்த நகலை நொடியில் முடித்தது. முழுதாகப் பிரதி எடுக்காமல் பழைய இடத்தையே இரண்டு அடுக்கும் பகிர்ந்துகொள்ளும்.

ஒரு வாரம் வீட்டு மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலந்தோறும் மேலே எழுதியதை அடியடுக்கில் சேர்த்துவிட்டு, மறுநாள் புதிதாக நகலாக விடுவேன். மதினியின் எம்.ஃபில். ஆய்வேடும் அதில்தான் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவு திமிர் எனக்கு. ஆடி மாதத்து ஒரு காலை எட்டு மணிக்கு, "சரி, சேர்த்துக்கொள்ளலாம்" என்று திருத்தங்களைச் சேர்ப்பவருக்கு மெயில் போட்டேன்.

ஒன்பது மணிக்கே காற்றில் கம்பி அறுந்து கரண்டு போய்விட்டது. மதினி டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் கரண்டு வந்து ஆய்வேட்டைத் திறந்தால், உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை. அடுத்த வாரம் அவர் அதைக் கொடுத்தாக வேண்டும். எந்த இடத்தைப் பகிர்ந்தது என்ற விவரத்தை, மெஷினை அணைக்கும்போதுதான் அந்தத் திருத்தம் டிஸ்கில் எழுதியது. தினமும் நாங்கள் ஒழுங்காக அணைத்ததால் அது என் கண்ணில் படவே இல்லை.

மேலடுக்குப் பிரதியை நீக்கினேன். நேற்றுவரை எழுதியது அடியில் பத்திரமாக இருந்தது. காலையில் அடித்த மூன்று பக்கம் மட்டும் போயிற்று. நான் போட்ட மெயில் உட்பட எல்லாவற்றையும் மதினியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"அடியில ஒண்ணு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரியாதவுக என்ன செய்வாக தம்பி?"

போன் லைனும் செத்துக் கிடந்தது, வீட்டிலிருந்து மெயில் அனுப்ப வழியில்லை. எங்கெங்கோ யார் யாரோ வெறும் பக்கத்தைத் திறப்பது போலவே தோன்ற, பைக்கில் போடிக்குப் பறந்தேன். பிரவுசிங் சென்டரில் மெயிலைத் திறந்தால், திருத்தங்களைச் சேர்ப்பவரின் பதில் வந்திருந்தது. இன்றைக்கே சேர்க்கிறேன், நீங்கள் பார்த்துவிட்டால் நான் மறுபடி பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார்.

நிறுத்துங்கள், நான் சொன்னது தப்பு என்று அடித்தேன். ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. "நிறுத்திவிட்டேன்" என்று பதில் வந்தது. அதன்பிறகும் அவருடைய முதல் மெயிலில் 'மறுபடி பார்ப்பதில்லை' என்ற வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை.