தறிக்குழியில் முறிந்த தொடை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆரணியில், என் நாற்பத்தெட்டாம் வயதில் இடது தொடை முறிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு பஸ்சிலிருந்து விழுந்ததில் அதே பக்கத்து இடுப்பு உடைந்து, மூட்டில் உலோகப் பந்து வைத்திருந்தார்கள். பந்தின் தண்டு தொடை எலும்புக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தது.

அப்போது டாக்டர், "தரையில உட்காரக் கூடாது. தொழில் என்ன?" என்று கேட்டார்.

"நெசவுங்க. நாற்காலி மாதிரிதான், கால் கீழ தொங்கும்."

பொய் இல்லை. தறிக்கு முன்னால் தோண்டிய குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டுத்தான் மிதிகளை மிதிக்கிறோம். குழிக்குள் எப்படி இறங்குவேன், எப்படி ஏறுவேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மனைவி இறந்த பிறகு, தறி ஓடும் நேரத்தில் மட்டும்தான் வீட்டில் இன்னொருவர் இருப்பது போலிருக்கும். தறியையே விட்டுவிடச் சொல்வாரோ என்று பயம்.

ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கைகளை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். வலது கால் மேலே வந்தது. இடது பாதம் மிதிக் கயிற்றில் சிக்கியது. மூங்கில் பிளப்பது போல உள்ளே ஒரு சத்தம். கூப்பிட்டேன். தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நின்றது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு நெசவாளி நூல் கேட்டு வந்தபோது மணி ஒன்று.

"அண்ணா, இன்னா இப்டி கெடக்கற? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

"காலையிலருந்து குடுத்துகினுதான் கீறேன்."

அவர் எலும்புக் கட்டுக் கட்டுகிறவரை அழைத்துவந்தார். வந்தவர் என் தழும்பைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள இன்னா கீது?"

"இரும்புங்க."

"எலும்புன்னா நான் சேப்பேன். இரும்புக்கு, வெச்சவரதான் கேக்கணும். ஜல்தியா இட்டுகினு போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில், தண்டின் நுனியைச் சுற்றி எலும்பு சாய்வாக உடைந்திருந்தது. தண்டு ஆடியிருந்தால் அதைப் பிடுங்கி நீளமானதை வைக்க வேண்டுமாம். ஆடவில்லை. எலும்பின் வெளிப்பக்கம் தகடு வைத்தார்கள். கீழ்ப்பாதியில் திருகாணி போட்டார்கள்; மேல்பாதியில் தண்டு இடத்தை அடைத்திருந்ததால் கம்பி சுற்றினார்கள். மூன்று மாதம் பாதம் தரையில் படக் கூடாது. பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு வரை. மற்றக் கட்டில்களுக்கு ஆள் வரும் அந்த இரண்டு மணி நேரமும் கண்ணை மூடித் தூங்குவது போலப் படுத்திருப்பேன்.

எலும்பு கூடியதும், தறியில் உட்காரலாமா என்று கேட்டேன்.

"குழியிலருந்து எப்படி ஏறுவீங்கன்னு காட்டுங்க" என்றார் டாக்டர்.

கட்டில் விளிம்பில் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டு பேர் இறக்கிவிட்டு, ரெண்டு பேர் தூக்கிவிட்டா உட்காரலாம். வீட்டுல யார் இருக்காங்க?"

பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கும் தறி இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடுவது?

"யாரும் இல்லீங்க."

ஊர் திரும்பிய மறுநாள், அரைச் சேலை நெய்திருந்த பாவு நூலைத் தறியிலிருந்து அறுத்துச் சுருட்டி, நூல் தந்து நெய்யச் சொன்ன முதலாளி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.