பத்தாம் பவர் கண்ணாடி

இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிற வேலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிடைத்தவர் ஒரு வாரத்தில் நம்மை மறந்துவிடுவார், கிடைக்காதவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

சின்னமனூரில் எங்கள் சபைக் கூடத்தில் நான்கு நாள் கண் முகாம் நடந்தது. முதல் நாள் காலையில் அங்கே இருந்தவர்கள்: வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த கண் டாக்டர், அவர் மனைவி, கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், ஹெலன் என்ற ஐம்பது வயது அம்மாள்; எங்கள் பக்கம் போதகர், ஆங்கிலம் தெரிந்த சாந்தி டீச்சர், டீ போடுகிற செல்லத்தாய், நான். மொத்தம் பத்துப் பேர். அவர்கள் ஊரில் மற்றவர்கள் போட்டுக் கழித்த கண்ணாடிகளைப் பவர் வாரியாகப் பிரித்து நான்கு பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார்கள். எண்ணினேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

நான் முப்பத்தொரு வருஷம் திராட்சையைப் பெட்டியில் அடுக்கிய ஆள். படிப்பு ஆறாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம்; எண்ணுவதற்கு யாரிடமும் பேசத் தேவையில்லை. அதனால் டோக்கனும் பெட்டியும் என் பொறுப்பில் வந்தன. ஒரு நாளைக்கு நூற்றிருபது டோக்கன். அதற்கு மேல் டாக்டரால் முடியாது.

துடைக்கிற வேலை

ஹெலனம்மா பிரசங்கம் செய்யலாம் என்று வந்தவர். பெட்டியில் பதினோரு பிரசங்கக் குறிப்புகள் வைத்திருந்தார். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் பிரசங்கம் செய்யக் கூடாது, கண்ணாடி வேலை மட்டும்தான் என்று போதகர் முதல் நாளே சொல்லிவிட்டார். டாக்டருக்கு உதவ நர்ஸ் படிப்பு வேண்டும், அதுவும் அவரிடம் இல்லை. நான் ஒரு துணியை எடுத்து நீட்டினேன். வருஷக்கணக்காக யாரோ முகத்தில் இருந்த கண்ணாடி, மூக்குப் பக்கம் பச்சையாக அழுக்கு ஏறிக் கிடந்தது.

நாற்பது கண்ணாடி துடைத்த பிறகு அவர் ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. என்ன சொல்கிறார் என்று டீச்சரைக் கேட்டேன். டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “‘பதினாலு மணி நேரம் பறந்து வந்தது அழுக்குத் துடைக்கவா?’ன்னு கேக்குறாகம்மா.”

சுளகு

கிட்டப் பார்வையைச் சோதிக்க அவர்கள் கொண்டுவந்தது எழுத்து அட்டை. வந்தவர்களில் பாதிப் பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் “தெரியுது, தெரியுது” என்றுதான் பதில் வந்தது. பதினெட்டாவது ஆளோடு எனக்குப் பொறுக்கவில்லை. செல்லத்தாயிடம் சுளகு வாங்கி, ஒரு படி அரிசி கொட்டி, வாசலில் பொறுக்கிய சின்னக் கற்கள் இருபதைக் கலந்து மேசையில் வைத்தேன். கண்ணாடி மாட்டியதும் எத்தனை கல் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். டாக்டர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒரு அம்மாள் இருபது கல்லையும் எடுத்துவிட்டு, அரிசியிலேயே இருந்த இன்னும் மூன்றையும் எடுத்துப் போட்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஏன்டியாத்தா, வேதக்காரக வீட்டு அரிசியுமா இந்த லட்சணத்துல கிடக்கு?”

கல் வைத்த பிரேம்

உத்தமபாளையத்திலிருந்து வாழைக்காய் மண்டி ராவுத்தர் ஒருவர் வந்தார். எழுபது வயது, வெள்ளைத் தாடி, தேய்த்த சட்டை. அவர் பவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று: ரோஜா நிறத்தில், ஓரத்தில் மினுக்குக் கல் வைத்த பெண்கள் கண்ணாடி. மாட்டிக்கொண்டு சுளகில் பதினெட்டுக் கல் எடுத்தார். ஹெலனம்மா அதற்குள் ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றிருந்தார். துடைத்துத் துடைத்து மாட்டிவிட்டு ஒவ்வொருவரிடமும் “தெரியுதா?” என்பார். ராவுத்தரிடமும் கேட்டார். கல்லூரிப் பிள்ளை ஒருத்தி படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினாள். ராவுத்தர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“நல்லாத் தெரியுது தாயி. போட்டோ மட்டும் எடுத்துராதீக, மண்டியில எவனும் என்னய மதிக்க மாட்டான்.”

நூற்றிருபத்தொன்று

முதல் நாள் ஒருவருக்கு இரங்கி டோக்கனுக்கு மேல் உள்ளே விட்டேன். அவர் பின்னாலேயே பதினோரு பேர் நுழைந்து மேசையைச் சாய்த்தார்கள். கடைசியில் அந்த ஒருவரையும் பார்க்க முடியவில்லை. வரிசை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்து நூற்றிருபது என்றால் நூற்றிருபதுதான்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, சாயங்காலம் நாலேகாலுக்குப் பாண்டியம்மா வந்தாள். பண்ணைப்புரத்துக்காரி. தேவாரத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறவள். சின்ன வயதிலேயே புரை வந்து, அந்தக் காலத்து ஆபரேஷனில் கண்ணின் வில்லையை எடுத்துவிட்டு வேறு வைக்காமல் விட்டுவிட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எல்லாமே புகைமூட்டம். அந்தக் கண்ணாடி போன வாரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது விழுந்து சக்கரத்தில் நொறுங்கிப்போனது. அதிலிருந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் கலந்து போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

டாக்டர் நூற்றிருபதாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலனம்மா என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரே ஒருத்தர் என்று. நான் டோக்கன் நோட்டைக் காட்டினேன். பாண்டியம்மாவுக்குப் பின்னால் அன்று யாருமே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் காலையில் வரச் சொன்னேன்.

“நாளைக்கு ஒரு நாள் லீவு கேட்டா, ஓனரு ஒரேயடியா லீவு குடுத்துருவாரு மதினி” என்றாள்.

மூன்றாம் டோக்கன்

அன்று இரவு பெட்டியை மூடுமுன் எண்ணியபோது சோடாபுட்டி ரகமான பத்தாம் பவரில் ஒன்று இருந்தது. மொத்தமே இரண்டுதான் வந்திருந்தன. ஒன்று முதல் நாளே போய்விட்டது. இருக்கிறது ஒன்று என்று எழுதினேன். எடுத்து வைக்கத் தோன்றவில்லை. டோக்கன்படிதான் எல்லாம் என்பது நான் போட்ட சட்டம்.

வியாழக்கிழமை மூன்றாம் டோக்கன், ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். விடியுமுன் ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அளந்து பார்த்துப் பத்து என்று எழுதினார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஹெலனம்மா துடைத்து மாட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற போக்கில் அவர் என்னிடம் சொன்னார்: “வீட்டுல ஒண்ணு நல்லாத்தான் இருக்கு. சும்மா குடுக்காகளேன்னு வந்தேன், ஸ்பேருக்குக் கிடக்கட்டும்.”

தெரியுதா?

பாண்டியம்மாவுக்கு அன்று கிடைத்தது தொண்ணூற்று நாலாம் டோக்கன். டாக்டர் அளந்துவிட்டு என் பக்கம் கை நீட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். மதுரையில் சொல்லிச் செய்ய வேண்டும், செலவு எங்களுடையது, பதினைந்து நாள் ஆகும் என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். பாண்டியம்மா விரலை மடக்கி எண்ணினாள். அடுத்த ஆளை அழைத்தார்கள்.

ஹெலனம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டியைக் கிளறி, இருப்பதிலேயே பெரியதான ஆறாம் பவரை எடுத்தார். மற்றதையெல்லாம் விட அதை அதிக நேரம் துடைத்தார். பாண்டியம்மா முகத்தில் மாட்டிவிட்டு, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தெரியுதா?”

பாண்டியம்மா கன்னத்தில் இருந்த அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். பிறகு, “தெரியுது தாயி. நல்லாத் தெரியுது, போதும்” என்றாள். ஹெலனம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படும்போது, இந்த ஒரு அம்மாவுக்காகத்தான் கடவுள் தன்னை இங்கே கொண்டுவந்தார், இனிமேல் எங்கே போனாலும் துடைக்கிற வேலையே போதும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் பவரோடு வெளியே போன பாண்டியம்மா வாசலில் செருப்பைக் காலால் தடவித் தடவித் தேடியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லிச் செய்த கண்ணாடி பதினேழாம் நாள் வந்தது. நானே பண்ணைப்புரம் கொண்டுபோனேன். ஸ்டோரில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா மதினி? குரல வச்சு இன்னும் உசரமா நினைச்சிருந்தேன்” என்றாள். ஆறாம் பவரை, யாருக்காவது ஆகும் என்று திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் தெரியாமல் ஏன் தெரியுது என்று சொன்னாய், அந்த அம்மாள் முகம் வாடுமென்றா என்று கேட்டேன்.

“முகம் எங்கிட்டுத் தெரிஞ்சுச்சு? பிடிச்சிருந்த கை நடுங்குச்சுல்ல.”

அந்த வாரம் போதகர் சபையார் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, நாலு நாளில் ஒரு கண்ணாடிகூடக் கணக்கில் தவறவில்லை என்று பாராட்டியபோது, பெட்டியில் மிச்சம் இருந்தது, அந்த ஆறாம் பவரோடு சேர்த்து, முப்பத்தெட்டு.