கழற்றிப் போட்ட கியர் பாக்ஸ்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில், ராணுவம் கழித்து ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கினார். மழைக்காலத்தில் நாங்கள் இருந்த டாலிகஞ்சில் தண்ணீர் நின்றால் காரெல்லாம் நடுத்தெருவில் நின்றுபோகும். நாங்கள் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்க, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து பார்ப்பார்கள். பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

சில வருஷம் கழித்து, திருநெல்வேலிக்குப் போகிறீர்களா என்று அவருடைய ஆபீஸில் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் என் அம்மா ஒற்றையாளாக இருந்தாள். கண்பார்வை வேறு மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு அன்றைக்கே பெட்டி கட்டிவிட வேண்டும்போல இருந்தது.

“ஜீப்ப வித்துட்டு வர மாட்டேன். ஊருக்கு ஓட்டிக்கிட்டேதான் போகணும்,” என்றார் அவர். “அவ்வளவு தூரத்துக்குக் கொஞ்சம் வேல பாக்க வேண்டியிருக்கு. முடிஞ்சதும் ஆபீஸ்ல சரின்னு சொல்லிருதேன்.”

அந்தக் கொஞ்ச வேலைதான் அனுமார் வாலாக நீண்டது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார்கள். டீசல் எஞ்சின் கனம் தாங்காதென்று முன்பக்க வில்லுப்பட்டையை மாற்றினார்கள். கித்தான் கூரை போய்த் தகரக் கூரை வந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடும்போது கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டார்களாம். புது எஞ்சினுக்கும் பழைய கியர் பாக்ஸுக்கும் ஒத்துப்போகவில்லையாம். ஏதோ ஒரு பல்சக்கரம் பஞ்சாபிலிருந்து வரவேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் பேசுவேன். “வண்டி ரெடியானதும் கிளம்பிருவோம்மா,” என்பேன். அவளும் கியர் பாக்ஸ் என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஜீப் சாவியால்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சாவி சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஓடாத வண்டிக்குச் சாவி எதற்கு? கேட்டேன். “பட்டறை மிஸ்திரி கேட்டான்,” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அப்புறம் ஒருநாள் அடைமழை, தெருவில் முழங்கால் தண்ணீர். ஜாதவ்பூரில் டியூஷனுக்குப் போயிருந்த மகள் வீடு வந்தாள். பாவாடை நுனிகூட நனைந்திருக்கவில்லை. “டாக்ஸி கிடைச்சிச்சும்மா,” என்றாள். அந்தத் தண்ணீரில் எந்த டாக்ஸிக்காரன் வருவான்? என்னை என்ன, காதில் பூ வைத்தவள் என்று நினைத்தார்களா?

பட்டறைக்கு நேரில் போனேன். ஜீப் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. தூக்கிப் பார்க்கப் போனால் மிஸ்திரி குறுக்கே வந்து நின்றுகொண்டான். “ஆர் ஏக்டு காஜ் பாக்கி, பௌதி,” என்றான். இன்னும் கொஞ்சம் வேலைதான் மிச்சமாம், அண்ணி. அவனுடைய சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தார்ப்பாய் மேல் தூசியே இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

நம் ஊரில் நவராத்திரி முடிவில்தான் ஆயுத பூஜை. இங்கே பட்டறைக்காரர்களுக்கு அதற்கு முன்னாலேயே விஸ்வகர்மா பூஜை வந்துவிடும். அன்றைக்கும் மறுநாளும் இந்தப் பட்டறையில் யாரும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். கையில் வேலையில்லாதவன் குறுக்கே வந்து நின்று என்ன சாக்குச் சொல்வான் என்று கணக்குப் போட்டேன். பூஜைக்கு மறுநாள் சாயங்காலம், சக்கரத்துக்கு அடியில் வைக்க ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கேட்டால் பூஜைக்கு வந்தேன் என்று சொல்லலாமே.

பட்டறையில் ஜீப் இல்லை. தார்ப்பாய் மட்டும் மடித்து வைத்திருந்தது. பூஜைப் பந்தலில் சாமியும் இல்லை.

அப்போதுதான் சந்து முனையில் தாக் மேளச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். ஜீப் வந்துகொண்டிருந்தது. பின்னால், யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மா. கங்கையில் கரைக்கப் போவதற்கு முன் பேட்டையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். ஸ்டியரிங்கில் என் வீட்டுக்காரர், நெற்றியில் சிவப்புப் பொடியோடு. சாமியின் முதுகைப் பிடித்தபடி என் மகள், பட்டறைக்காரர்களோடு சேர்ந்து வங்காளியில் கத்திக்கொண்டு வந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வீட்டில் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் வண்டி நின்றது. மேளமும் நின்றது. மிஸ்திரி சட்டென்று கீழே இறங்கி, முன்சீட்டைத் துண்டால் துடைத்துவிட்டான். நான் ஏறி உட்கார்ந்தேன்.

“கியர் பாக்ஸ் பஞ்சாபுல இருந்து வந்துட்டாக்கும்?” என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸ்ல என்ன சொன்னீய? அத மட்டும் சொல்லுங்க.”

பின்னாலிருந்து மகள்தான் சொன்னாள். “அப்பா அப்பமே வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு அங்க யாரத் தெரியும்?”

அவர் முதல் கியரைப் போட்டார். பிறகு இரண்டாவது. ஒரு சத்தம் இல்லை, ஒரு உதறல் இல்லை, வெண்ணெய் மாதிரி விழுந்தது. பட்டறைக்காரன், டியூஷன் பிள்ளைகள், மாடியில் நிற்கிற பெண்கள் எல்லோரும் இந்த வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். என் ஒருத்திக்குத்தான் அது ஓடவில்லை. வண்டி கங்கைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. எலுமிச்சம்பழத்தைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்போல.

“ஏட்டி, வண்டி வேல முடிஞ்சுதா? எப்பம் வாரீய?”

கண்ணாடிக்கு வெளியே ஜீப் நின்றது. ஸ்டியரிங்கில் இருந்த அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினைக்கூட அணைக்கவில்லை.

“கியர் பாக்ஸ் இன்னும் வரலம்மா,” என்றேன்.